வெள்ளத்துரை எட்டிப் பார்க்காத ஜன்னல்

தங்கப்பழத்தை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பிறகு பிடித்துப்போனது என்றும் சொல்ல மாட்டேன். சங்கரன்கோவிலில், தேரடியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரே வளவுக்குள் ஆறு வருஷத்துக்கு மேல் சுவரை ஒட்டிக் குடியிருந்தோம். அவ்வளவுதான் உறவு. ஆனாலும் அவளைப் பற்றி யாராவது எழுத வேண்டும். வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். அவளைப் பற்றி எழுதினால் வெள்ளத்துரையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

வளவில் மூன்று குடித்தனம். முன்பக்கம் வீட்டுக்காரர் வெள்ளத்துரையும் அவர் மனைவி பிச்சம்மாளும். பக்கவாட்டில் இருந்த ஒற்றை அறையில் தங்கப்பழம். அதற்கு அடுத்த வீட்டில் நான். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போகிறவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நான் ஜாக்கெட் தைத்துப் பிழைத்தேன். நடுவில் பொது முற்றம், முற்றத்தில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் வெள்ளத்துரையின் சாய்வு நாற்காலி.

வெள்ளத்துரை கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஊரார் வீட்டுக்குள் நுழைந்து அண்டா குண்டாவை ஜப்தி செய்த மனிதர். வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நாற்காலியை அவர் எப்போதும் தங்கப்பழத்தின் ஜன்னலைப் பார்த்துத்தான் போடுவார். நிழல் நகர்ந்தாலும் நாற்காலி நகராது. வெயிலில் காய்ந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

தங்கப்பழம் ராயகிரிக்காரி. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டினவன் மூன்றாம் வருஷமே வேறொருத்தியோடு போய்விட்டான். அண்ணன் வீட்டில் நாலு வருஷம் மதினிக்கு ஏவல் செய்து, ஒரு நாள் மதினி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டதும் எழுந்து வந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் படித்திருந்த நர்ஸ் படிப்பு கைகொடுத்தது. கழுகுமலை ரோட்டில் ஒரு டாக்டரம்மா நடத்திய பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். இன்னொரு நர்சுக்குக் கைப்பிள்ளை இருந்ததால் ராத்திரி டியூட்டி முழுவதும் இவள் தலையில் விழுந்தது. சாயங்காலம் ஆறரைக்குப் போவாள், காலை ஏழு மணிக்கு வருவாள். யாரோடும் பேச மாட்டாள். ஒரு கரண்டி உப்பு கேட்க மாட்டாள், கேட்டால் கொடுக்கவும் மாட்டாள். முகத்தை அப்படி இறுக்கி வைத்திருந்தால் யாருக்குப் பிடிக்கும்?

அந்த அறையின் ஜன்னல் கிழக்கே பார்த்தது. மூன்றடி அகலம், நாலடி உயரம், வெறும் கம்பி. இரண்டு மரக்கதவுகளில் ஒன்றைக் கழற்றி, வெள்ளத்துரை தன் மாட்டுத் தொட்டிக்கு மூடியாகப் போட்டிருந்தார். இன்னொன்று கீல் விட்டுத் தொங்கியது, சாத்தினால் நிற்காது. அவள் வேலை முடிந்து வந்து பாயை விரிக்கிற நேரத்துக்குச் சரியாக வெயில் ஜன்னல் வழியாக இறங்கி அவள் முகத்தில் விழும். பன்னிரண்டு மணி வரைக்கும் அறை முழுக்க வெளிச்சம். அது போதாதென்று எதிரே வெள்ளத்துரை. ஒரு பொம்பளை படுத்திருப்பதை ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் எப்படித் தூக்கம் வரும்? சேலையை ஜன்னலில் போட்டுப் பார்த்தாள். காற்றில் பறந்தது. ஆணி அடிக்கலாம் என்றால் வெள்ளத்துரையின் முதல் சட்டமே சுவரில் ஆணி கூடாது என்பதுதான்.

எழுபத்தாறாம் வருஷம் பங்குனியில் ஒரு நாள் காலை அவள் என் வாசலுக்கு வந்தாள். நான் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். கண் இரண்டும் சிவந்து, இமை வீங்கிப் போய் நின்றாள்.

"சீனியம்மா, ஒரு மணி வரைக்கும் மிஷினை நிப்பாட்டி வைக்க முடியுமா?" என்றாள்.

"என் மிஷின் நின்னா என் அடுப்பும் நிக்கும் நர்சம்மா," என்றேன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

அவள் போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ராத்திரி ரெண்டு பிள்ளை பொறந்துச்சு. பேர் எழுதுன சீட்டை ஒண்ணுக்குக் கட்டவேண்டியதை இன்னொண்ணுக்குக் கட்டிட்டேன். டாக்டரம்மா பாத்துட்டாவ. உடனே மாத்திட்டோம். இன்னொருக்க கண்ணு சொக்குச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன், நீ ஒங்க ஊருக்குப் போயிருன்னு சொல்லிட்டாவ."

யாரோ பெற்ற பிள்ளை யார் வீட்டிலோ வளர்ந்திருக்கும். அவளுக்கும் அதுதான் பயம். ஊருக்குப் போவது என்றால் மதினி வீட்டு அடுப்படி. அது அடுத்த பயம். இவ்வளவும் புரிந்த பிறகும் நான் மிஷினை நிறுத்தவில்லை. சித்திரை கல்யாணங்களுக்கு முப்பது ஜாக்கெட் தைக்கக் கிடந்தது. "ஜன்னலை மூடுங்க, பாதித் தொந்தரவு தீரும்," என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஜன்னலை மூட ஆரம்பித்தாள்.

முதலில் பள்ளிக்கூடப் புஸ்தகத்துக்குப் போடுகிற காக்கித்தாள். மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்து, கம்பியில் ஒட்டினாள். மறுநாள் வெள்ளத்துரை வீட்டு ஆடு பின்னங்காலில் நின்றுகொண்டு பசை வாசனைக்கு மொத்தத் தாளையும் தின்றுவிட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு அதட்டுப் போடவில்லை. "வாயில்லா சீவன், பசிக்குத் திங்குது," என்றார். அவர் வீட்டு நெல்லை ஒரு கோழி கொத்தினால் கல்லெடுத்து எறிகிற மனிதர் அவர்.

அடுத்து சாக்கு. இரண்டு சாக்கைப் பிரித்து, கயிறு போட்டுக் கட்டினாள். சாக்கு நெய்த இடைவெளியில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அதோடு, அதில் முன்னால் இருந்தது மிளகாய் வற்றல். மத்தியானம் முழுவதும் அவள் தும்முகிற சத்தம் என் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மூன்றாவது, அவளே போய் ஒரு கறுப்புத் துணி வாங்கி வந்தாள். விறைப்பாக, கனமாக, பார்த்தால் நல்ல துணி மாதிரிதான் இருந்தது. நான் தொட்டுப் பார்க்கவேயில்லை. அவளாகக் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். அவள் அதைக் கட்டிய அரைமணி நேரத்தில் வெள்ளத்துரை முற்றத்தில் நின்று கத்தினார்.

"ஏம்மா! இதென்ன எழவு வீடா? காலங்காத்தால எந்திரிச்சு நான் கறுப்புத் துணியிலயா முழிக்கணும்? அவுத்துப் போடு!"

"வெயில் அடிக்கி அண்ணாச்சி. கதவைக் குடுத்தீயன்னா துணி எதுக்கு?" என்றாள் அவள் உள்ளேயிருந்து.

"கதவு மாட்டுத் தொட்டியில கெடக்கு. மாடு ஒன்னைவிட எனக்கு முக்கியம். பட்டப்பகல்ல மூடிக்கிட்டுப் படுக்கதுக்கு அப்படி என்ன ரகசியம் உள்ள?"

பிச்சம்மாளும் அவர் பின்னால் நின்று, "ராத்திரி வெளியே, பகல்ல இருட்டு. குடும்பப் பொம்பளை பொழப்பா இது," என்றாள். பிள்ளை பெற ஊரே தேடிப்போகிற ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளைப் பார்த்து! எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. தங்கப்பழம் மேல் பாசம் இல்லை. ஆனால் என் வாசலில் வெட்டுத்துணி கிடக்கிறது, நூல் கிடக்கிறது என்று தினமும் என்னிடமும் வம்பு வளர்ப்பது இதே இரண்டு வாய்கள்தான்.

அவள் துணியை அவிழ்த்தாள். அழுக்குப் போக அலசலாம் என்று தண்ணீரில் முக்கியதும் தொட்டித் தண்ணீர் கூழாகிவிட்டது. துணியில் இருந்த கனம் முழுவதும் கஞ்சி. பிழிந்து உதறினால் கொசுவலை மாதிரி இருந்தது. தறிக்காரர்கள் ஊரில் இருந்துகொண்டு ஒருத்தி கஞ்சித் துணியில் ஏமாந்தால் அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அன்று மத்தியானம் நானே அவள் கதவைத் தட்டினேன். "கிளம்புங்க. துணி எடுக்கத் தெரியாதவ தனியா கடைக்குப் போகக் கூடாது."

"நீ எதுக்கு வாரே?" என்றாள் சந்தேகமாக.

"வெள்ளத்துரை வயிறு எரியணும். அதுக்குத்தான்," என்றேன். அதுதான் உண்மை. அவளுக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது.

மைதீன் பாட்சா கடைக்குப் போனோம். தறியில் பிசகிப்போன துணி, கரை மாறிப்போன சேலை, பீஸ் துணி எல்லாம் அவர் எடைக்கு விற்பார். கடை என்றாலும் குடோன் மாதிரிதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"பகல்ல ராத்திரி வேணும்னு கேக்குத மொத ஆள் நீங்கதான் தங்கச்சி. குடைத் துணி இருக்கு, பாக்குதீயளா?"

குடைத் துணி வெளிச்சத்தை நன்றாகத்தான் நிறுத்தியது. ஆனால் அகலம் கம்மி, மூன்று துண்டு ஒட்டினால்தான் ஜன்னலுக்கு எட்டும். அதன் விலைக்கு ஒரு சேலையே எடுக்கலாம். கறுப்புக் கம்பளி காட்டினார். அதைக் கட்டினால் சித்திரை வெயிலில் அவள் உள்ளேயே அவிந்து போவாள். போலீஸ்காரர் நிஜார் தைக்கிற முரட்டுக் காக்கித் துணி காட்டினார். அதுவும் கட்டுப்படியாகவில்லை. தங்கப்பழம் ஒவ்வொன்றையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்து, துணிக்குப் பின்னால் தன் விரலை ஆட்டிப் பார்த்தாள். விரல் தெரிந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாள். கஞ்சித் துணியில் பட்ட அடி அவளுக்கு அரைநாளில் புத்தி சொல்லியிருந்தது.

கடைசியில் மூலையில் கிடந்த ஒரு சேலைத்துணியை நான் இழுத்தேன். அடர்ந்த சிவப்பு, மஞ்சள் கரை. தறியில் இழை நெருங்கிப்போனதால் மடிப்பு விழாது, யாரும் உடுத்த மாட்டார்கள் என்று தள்ளப்பட்ட துணி. "இது பாறை மாதிரி இருக்கு, எடுத்துட்டுப் போங்க. எனக்கு இடம் காலியாகும்," என்று பாட்சா எடையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கட்டிக்கொடுத்தார். கறுப்பு வெளியே தெரிந்தால்தானே வெள்ளத்துரைக்கு இழவு? சிவப்பு வெளியே, கஞ்சி போன கறுப்பு உள்ளே. வீட்டுக்கு வந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெயிலில் காட்டினோம். விரல் தெரியவில்லை.

அன்றே உட்கார்ந்து தைத்தேன். ஒரு துணியின் இழை மேல்கீழாகப் போனால் இன்னொன்றைக் குறுக்காக வைத்தேன். ஓட்டையும் ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக விட்டேன், ஓரத்தில் கசிகிற வெளிச்சம்தான் கண்ணைக் குத்தும். கீழ் மடிப்பில் புளியங்கொட்டை போட்டுத் தைத்தேன், காற்றுக்குத் தூக்காது. மேல் மடிப்பில் கயிறு. கயிற்றைக் கம்பியில் கட்டினால் போதும், ஆணியே வேண்டாம். கஞ்சி வாசத்துக்குப் பூச்சி வருமே என்று அவள் கேட்டதற்கு, "மேல் கயித்துல வேப்பங்கொழுந்தைச் செருகி வைங்க, கொசுவும் அண்டாது," என்றேன். நான் சேலைகளுக்கு நடுவில் வேப்பிலை போட்டுத்தான் வைப்பேன். மனதில் வேறு எதுவும் இல்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்லுவேன்.

திங்கட்கிழமை காலை ஜன்னல் மூடியது. அதோடு அவள் இன்னொன்றும் செய்தாள். வெள்ளத்துரை முகத்தில் விழிக்கவே வேண்டாம் என்று முற்றத்துக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பின்பக்கம் சந்துக்குத் திறக்கிற சின்னக் கதவு வழியாகப் போக வர ஆரம்பித்தாள். தண்ணீருக்கும் சந்துக் குழாய்தான். அந்தச் சந்தில் எங்கள் வளவிலிருந்து திறக்கிற கதவுகள் இரண்டே இரண்டு. ஒன்று அவளுடையது, இன்னொன்று என் அடுப்படி. அவள் சாயங்காலம் போவதும் காலையில் வருவதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

முற்றத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? சிவப்பும் மஞ்சளுமாக மூடிய ஜன்னல். கம்பிக்கு மேலே வேப்பங்கொத்து. நாள் முழுக்கத் திறக்காத கதவு. ஆளரவம் இல்லை. அதுவும் அம்மை போடுகிற மாதம்.

புதன்கிழமை காலை வெள்ளத்துரையின் நாற்காலியைக் காணவில்லை. தன் வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டார். பிச்சம்மாள் என் வாசலில் வந்து, எட்டி நின்று, வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"ஏட்டி, மிஷினை ஓட்டாத. தாய் எறங்கியிருக்கா. சத்தம் கேட்டா கோவிச்சுக்கிடுவா. தாளிச்சுக் கொட்டிராத, வாசம் ஆவாது."

யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கண் போன இடத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. "அம்மை இல்லை, பூச்சிக்கு வச்ச வேப்பிலை," என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று நாளாக வெள்ளத்துரையின் அதட்டல் இல்லாமல் முற்றம் அமைதியாக இருந்தது. ஊரார் வீட்டையெல்லாம் எட்டிப் பார்த்த அமீனா, இப்போது அந்த ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பப் பயந்து, வெளியே போகும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போனார். அம்மை போட்ட வீட்டை எட்டிப் பார்த்தால் தாய் பார்த்தவன் மேல் ஏறிக்கொள்வாள் என்று அவருக்குப் பயம். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆனந்தம் தெரியுமா? "சரிக்கா, நிப்பாட்டிக்கிடுதேன்," என்று பவ்வியமாகச் சொன்னேன். தையலைக் கையால் தைத்தேன்.

மறுநாள் முதல் பிச்சம்மாள் தங்கப்பழத்தின் வாசற்படியில் இளநீர் வைக்க ஆரம்பித்தாள். கதவைத் தட்டாமல், பெயரைச் சொல்லாமல், வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே பின்னால் நடந்து போவாள். கதவு திறக்காதே! அவள் போனதும் நான் எடுத்துக் குடித்துவிடுவேன். மொத்தம் ஆறு இளநீர். பச்சைக் கூட்டை மட்டும் படியிலேயே வைத்துவிடுவேன். இதில் வெட்கப்பட வேண்டியது நிறைய இருக்கிறது. அப்போது வெட்கப்படவில்லை.

தங்கப்பழத்துக்கு இது எதுவும் தெரியாது. ஒன்றே ஒன்றுதான் தெரியும்: தூக்கம் வருகிறது. எட்டாம் நாள் காலையில் சந்துக் குழாயடியில் பார்த்தேன். கண்ணில் சிவப்பு இல்லை. முகம் தெளிந்து, நாலு வயது குறைந்த மாதிரி இருந்தாள். "திரையைப் போட்டதும் ஏழு மணி நேரம் செத்தது மாதிரி தூங்குதேன் சீனியம்மா. நீ மிஷினையும் ஓட்டலை. எனக்காகவா?" என்றாள்.

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அப்போது பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள்: பெரியம்மை கண்டு தகவல் சொல்பவருக்கு ஆயிரம் ரூபாய் பரிசு. நாட்டில் பெரியம்மையே இல்லாமல் போய்விட்டதால் அவ்வளவு பெரிய பரிசு. வெள்ளத்துரை அந்தச் சுவரை எத்தனை தடவை நின்று படித்தாரோ தெரியாது. உள்ளே ஒருத்தி சாகக் கிடக்கிறாள் என்று அவர் நம்பினார். டாக்டரைக் கூப்பிடவில்லை. அவள் அண்ணனுக்கு ஒரு கார்டு போடவில்லை. கோர்ட்டுப் பழக்கத்தில் மனுவாக எழுதி, சுகாதார ஆபீசில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வந்தார். வருகிற வழியில் டீக்கடையிலும் தான் மனு கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்தார், வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாது என்று.

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. ஹெல்த் இன்ஸ்பெக்டரும் இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் முற்றத்துக் கதவைப் படபடவென்று தட்டினார். வெள்ளத்துரை தூணுக்குப் பின்னால் நின்று, "மெதுவா சார், மெதுவா," என்று கெஞ்சினார்.

கதவு திறந்தது. தலை கலைந்து, சேலையை அள்ளிச் சுற்றிக்கொண்டு, தூக்கம் கெட்ட ஆத்திரத்தில் தங்கப்பழம் நின்றாள். "என்ன வேணும் ஒங்களுக்கு?"

"இங்க அம்மை கண்டது யாருக்கு?"

"அம்மையா? யாருக்கு?"

இன்ஸ்பெக்டர் அவள் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஒரு வேர்க்குரு கூட இல்லை. உள்ளே போய்த் திரையை விலக்கினார், வேப்பங்கொத்தை உருவிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து மனுவை விரித்தார். "வெள்ளத்துரைங்கிறது யாரு? நீங்க கண்ணால பாத்தேன்னு எழுதியிருக்கீங்க. பாத்தீங்களா?"

"எப்படி சார் பாக்க? தாய் இருக்கிற எடம்லா. எட்டிப் பாக்கக் கூடாது சார்," என்றார் வெள்ளத்துரை.

ஜீப் டிரைவர் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். தங்கப்பழம் சிரிக்கவில்லை. படியில் கிடந்த இளநீர்க் கூட்டையும், பிச்சம்மாள் கையில் இருந்த புது இளநீரையும், என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வந்தது வந்தோம் என்று அவர்கள் வளவில் இருந்த எல்லாருக்கும் அம்மை குத்தினார்கள். மனு கொடுத்தவருக்கு முதல் குத்து. வெள்ளத்துரைக்குக் கை வீங்கி நாலு நாள் காய்ச்சல். அன்று மத்தியானமே நான் மீன் பொரித்தேன், கடுகு தாளித்தேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

என் சிரிப்பு அன்று சாயங்காலத்தோடு முடிந்தது. ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வந்து, டாக்டரம்மா அவளை வர வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லிப் போனான். அம்மை இல்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்திருந்த சீட்டை எடுத்துக்கொண்டு தங்கப்பழம் ஓடினாள். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா சீட்டைப் படித்தார்.

"நீ பொய் சொல்லலை, தெரியுது. இந்தப் பத்து நாளும் உன் வேலையில ஒரு குறை இல்லை. ஆனா டீக்கடைப் பேச்சைக் கேட்டு மூணு பேர் பிரசவத்துக்கு வேற ஊர் போயிட்டாங்க. பச்சைப் பிள்ளைங்க இருக்கிற இடம். அம்மை வந்த நர்சுன்னு ஒரு பேர் விழுந்துட்டா நான் சீட்டைக் காட்டிக்கிட்டா உட்கார முடியும்? ஊர் வாய் அடங்கட்டும். அடங்கினா பாக்கலாம்," என்றார்.

அடங்காவிட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தூங்கவில்லை, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள். இரண்டு நாளாக அவள் அடுப்பு புகையவில்லை. மூன்றாம் நாள் பெட்டியை இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது. ராயகிரிப் பெட்டி அது. மதினி வீட்டிலிருந்து அவள் தூக்கிக்கொண்டு வந்த தகரப்பெட்டி.

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டியதை, ஒரு கிழவன் பயப்படுவதைப் பார்க்கிற ஆசையில் பத்து நாள் வளரவிட்டவள் நான். வெள்ளத்துரை கெட்டவர், சரி. நான் யார்?

என்னிடம் இருந்தது என் வாய் ஒன்றுதான். சித்திரை கல்யாணத்துக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஒவ்வொருத்தியையும் நாடாவால் சுற்றிப் பிடித்துக்கொண்டு கதையைச் சொன்னேன். அமீனா ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு, ஜன்னல் திரையைக் காட்டிப் பெரியம்மை என்று மனு கொடுத்த கதை. எட்டிப் பார்க்காமலேயே கண்ணால் பார்த்தேன் என்று எழுதின கதை. இளநீர் குடித்த கதையையும் சொன்னேன், அப்போதுதான் நம்புவார்கள். கர்ப்பிணிகளுக்கு இரண்டு தடவை சொன்னேன். மைதீன் பாட்சா தன் கடைக்கு வருகிறவர்களிடம் அந்தத் துணியின் மிச்சத்தைக் காட்டி, "அம்மைத் துணி, எடுத்துக்கிடுதீயளா?" என்று சிரிப்பு மூட்டினார். இருபது நாளில் வெள்ளத்துரைக்கு ஊரில் பெயர் மாறிவிட்டது. பூ மார்க்கெட்டில் அவர் நடந்து போனால், "ஆயிரம் ரூவா அண்ணாச்சி போறாவ," என்று பின்னாலிருந்து சத்தம் வரும்.

வேலை நின்ற முப்பத்திரண்டாம் நாள் வாட்ச்மேன் மறுபடி வந்தான், டியூட்டிக்கு வரச் சொல்லி. பெட்டி அதுவரைக்கும் கதவோரத்திலேயே இருந்தது.

வெள்ளத்துரை அதோடு விட்டாரா? வீட்டைக் காலி பண்ணு என்று முற்றத்தில் நின்று கத்தினார். தங்கப்பழம் வாசலில் வந்து நின்றாள்.

"காலி பண்ணுதேன் அண்ணாச்சி. அம்மை வந்த வீடுன்னு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீய. யாரு குடி வருதான்னு நானும் பாக்கேன்."

மூன்றாம் நாள் மாட்டுத் தொட்டியிலிருந்து கதவு வந்தது. தச்சர் வந்து இரண்டு கதவுக்கும் புதுக் கீல் வைத்துவிட்டுப் போனார். ஆணியும் அடித்தார், வெள்ளத்துரை வாயே திறக்கவில்லை.

அன்று மாலை அவள் டியூட்டிக்குக் கிளம்பும்போது சந்தில் என் அடுப்படி வாசலில் நின்றாள். கையில் அந்தத் திரை, துவைத்து மடித்து.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. "மொத இளநீருக்கு முந்தியே தெரியும்."

"ம்," என்றாள். திரையை என் கையில் வைத்தாள். "பத்து நாள் தூக்கம் நீ தந்தது. ஒரு மாசப் பட்டினியும் நீ தந்ததுதான். வேலையைத் திருப்பி வாங்கித் தந்ததும் நீதான்னு சொல்லுதாவ. எனக்கு ஒன்னை எதுல வைக்கன்னே தெரியலை சீனியம்மா. அதனால பேச்சு வேண்டாம்."

போய்விட்டாள். அதற்கப்புறம் ஆறு வருஷம், அவள் அந்த வளவை விட்டுப் போகிற நாள் வரைக்கும், குழாயடியில் "கொஞ்சம் தள்ளிக்கோ" என்பதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் உண்டு. இவ்வளவு செய்த பிறகும் பேசாமல் இருக்கிறாளே என்று கோபம். செய்ததில் பாதி என்ன என்று நினைத்தால் கோபம் என் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

அந்த ஆறு வருஷமும் காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் நான் மிஷினை மிதிக்கவில்லை. காலையெல்லாம் வெட்டுவது, பொத்தான் வைப்பது, கையால் ஓரம் அடிப்பது. ஒரு மணி அடித்ததும் மிதிக்க ஆரம்பித்து இருட்டும் வரை மிதிப்பேன். என் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டார். பக்கத்து வீட்டில் ஆள் தூங்குகிறது என்று சொன்னேன்.

அவளுக்கு அது தெரியும். ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கணக்கு தீர்ந்தது என்று அன்றைக்கே மிஷினை ஓட்டியிருப்பேன்.